இரண்டு ரிவர்ஸ் கியர்களைக் காணவில்லை

இண்டியானாவில் ஸ்டவுட்ஸ்பர்க் என்கிற நம்மூரில், 1909-ஆம் வருஷம் மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், த்ரூப் ஆர்கன் கம்பெனி இனி ஆர்கன் செய்வதில்லை, மோட்டார் கார் செய்வது என்று தீர்மானித்தது. தீர்மானம் நிறைவேறப் பத்து நிமிஷம் ஆயிற்று. அதில் எட்டு நிமிஷம், காருக்கு எந்த நிறத்தில் வார்னிஷ் அடிப்பது என்பதிலேயே போய்விட்டது.

முப்பது வருஷமாகத் தேவாலயங்களுக்கும் வீட்டுக் கூடங்களுக்கும், காலால் மிதித்து வாசிக்கிற ஆர்கன்களைச் செய்து அனுப்பிய கம்பெனி அது. ஆனால் பக்கத்து ஊரில் துணி துவைக்கிற இயந்திரம் செய்தவன் கார் செய்ய ஆரம்பித்துவிட்டான். அதற்கடுத்த ஊரில் சவப்பெட்டி செய்தவன் ஆரம்பித்துவிட்டான். கம்பெனித் தலைவர் கொர்னீலியஸ் த்ரூப்பால் அதைத் தாங்க முடியவில்லை.

"சவப்பெட்டிக்காரனுக்கு இருக்கிற துணிச்சல் சங்கீதக்காரனுக்கு இல்லாம போச்சா?" என்று கேட்டார். இயக்குநர்கள் ஐந்து பேரும் மேஜையைத் தட்டினார்கள்.

கார் செய்வதும் அப்போது மலையைப் பிளக்கிற காரியமாக இல்லை. எஞ்சினை ஓர் ஊரிலிருந்து வரவழைப்பார்கள். கியர்ப்பெட்டி இன்னோர் ஊர், பின்சக்கரங்களைச் சுழற்றுகிற பின்னச்சு வேறோர் ஊர். எல்லாவற்றையும் முடுக்கி, முன்னால் தன் பேர் போட்ட பித்தளைத் தகடு ஒன்றை அறைந்தால் அது கார். த்ரூப் கம்பெனி சொந்தமாகச் செய்தது அந்தத் தகட்டை மட்டும்தான். தகட்டுப் பிரிவில் பதினோரு பேர் இருந்தார்கள். பிரேக்குக்கு ஆள் போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அதே கூட்டத்தில் நிறைவேறிய பதினான்காவது தீர்மானம்தான் எல்டன் ஸ்வைஹார்ட்டைத் தூங்கவிடாமல் செய்தது.

எல்டனுக்கு ஐம்பத்தொரு வயது. கல்யாணம் ஆகவில்லை. இருபத்திரண்டு வருஷமாகக் கம்பெனியின் பார வண்டியை ஓட்டி, ஆர்கன்களை ரயிலடிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறவர். வண்டியை இழுப்பது டிரூசில்லா என்கிற பழுப்புக் குதிரை. அதற்கு வயது பத்தொன்பது. கம்பெனிச் சொத்து. எல்டன் படுத்துக்கொள்வது லாயத்தின் பரணில். எல்டன் பேசுவார், டிரூசில்லா காதை ஆட்டும். இரண்டு பேருக்கும் அதுவே போதுமான குடித்தனமாக இருந்தது.

பதினான்காவது தீர்மானம் சொன்னது இதுதான்: "கம்பெனியின் முதல் கார் வாங்குகிறவர் கையில் ஒப்படைக்கப்படும் நாளில், வளாகத்தில் உள்ள குதிரை அப்புறப்படுத்தப்படும்." எங்கே அப்புறப்படுத்துவது என்பதையும் இயக்குநர்கள் கருணையோடு யோசித்து வைத்திருந்தார்கள். ஆர்கன் பலகைகளை ஒட்டுவதற்கு வச்சிரம் என்கிற பசையைக் காய்ச்சி அனுப்புகிற ஆலை ஒன்று இருந்தது. கிழட்டுக் குதிரைகளை அவர்களே வந்து ஓட்டிக்கொண்டு போவார்கள்.

"அங்க ஓட்டிட்டுப் போய் என்ன பண்ணுவாங்க?" என்று எல்டன் கேட்டார். தெரியாமல் இல்லை. தப்பாகத் தெரிந்திருக்கலாமே என்கிற ஆசைதான்.

துருத்திக்குத் தோல் தைக்கிற ஐடா க்ரம்பேக்கர் ஊசியை நிறுத்தாமல் சொன்னாள்: "தோலையும் குளம்பையும் காய்ச்சுவாங்க. நாம அனுப்பின ஆர்கன்ல எல்லாம் பிசின் எதுன்னு நினைச்ச? டிரூசில்லாவோட சித்தி, பெரியம்மா எல்லாரும் இந்நேரம் ஒஹையோவுல பாட்டுப் பாடிட்டு இருக்காங்க."

"ஏன் ஐடா இப்படிப் பேசற?"

"நான் பேசறதுதான் உனக்குச் சுடுது. தீர்மானம் போட்டவங்களைக் கேக்கறதுக்கு வாய் வராது. போய்யா, உன்னைப் போக்குவரத்துக் கண்காணிப்பாளர் ஆக்கியிருக்காங்களாமே. தொப்பி நல்லாத்தான் இருக்கு. காது ரெண்டும்தான் உள்ள போயிடுச்சு."

ஏப்ரலில் சாமான்கள் வந்தன. டிரூசில்லாதான் எல்லாவற்றையும் ரயிலடியிலிருந்து இழுத்து வந்தது. தன் இடத்துக்கு வரப்போகிறவனைத் தானே போய் அழைத்து வந்ததுபோல.

ஆர்கன் பூட்டுகிறவர்களே காரையும் பூட்டினார்கள். நல்ல கைகள். ஆனால் அந்தக் கைகளுக்கு ஒரு பழக்கம் உண்டு: எந்தச் சாமானாக இருந்தாலும் வழவழப்பான பக்கம் சபையைப் பார்க்க வேண்டும், கரடுமுரடான பக்கம் மறைவில் போக வேண்டும். பின்னச்சின் நடுவில் இருந்த இரும்புக் குடுவை மேல்பக்கம் போல்ட்டும் புடைப்புமாக, கீழ்ப்பக்கம் முட்டைபோல மழமழவென்று இருந்தது. இவ்வளவு அழகான பக்கத்தை யாராவது தரைக்குக் காட்டுவார்களா? அச்சைத் தலைகீழாகப் புரட்டி மாட்டினார்கள். வார்னிஷ் பன்னிரண்டு பூச்சு.

அடுத்து தர ஆய்வு. ஆய்வுத் தலைவர் ஆம்ப்ரோஸ் பெட்டிஜான் ஊரின் பாடகர் குழுவுக்கும் தலைவர். கம்பெனியிலிருந்து வெளியே போகிற ஒவ்வோர் ஆர்கனையும் முப்பதடி தள்ளி ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணை மூடிக் கேட்டு, "ஏற்கலாம்" என்று எழுதுவார். காரையும் அப்படியே செய்தார். வண்டியைக் கட்டைகள் மேல் நிறுத்தி எஞ்சினைக் கிளப்பினார்கள்.

"மூணாவது சிலிண்டர் சுருதி இறங்கி இருக்கு" என்றார் முதல் நாள்.

எங்கேயோ கம்பளித் துண்டு ஒன்றைத் திணித்தார்கள்.

"இப்ப ரெண்டாவது கொஞ்சம் அழறது" என்றார் அடுத்த நாள்.

மூன்றாம் நாள் அவர் முகத்தில் புன்னகை படர்ந்தது. "அடடா! பெண்கள் வரிசை முழுக்க ஒரே மூச்சா எடுத்த மாதிரி." 'ஏற்கலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வண்டி நகருமா என்று யாரும் கேட்கவில்லை. முப்பது வருஷத்தில் எந்த ஆர்கனும் நகர்ந்ததில்லை.

மே மாதம் முதல் சனிக்கிழமை, இயக்குநர்கள் வரிசையாக வண்டிக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். வண்டி ஓட்டத் தெரிந்தவர் கம்பெனியில் எல்டன் ஒருவர்தான் என்பதால் அவரை ஸ்டியரிங் சக்கரத்துக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். அந்த வண்டி வேறு, இந்த வண்டி வேறு என்று அவர் சொல்லிப் பார்த்தார்.

"முன்னேற்றம் புறப்படட்டும்!" என்றார் த்ரூப்.

எல்டன் முதல் கியரைப் போட்டார். முன்னேற்றம் சட்டென்று பின்னால் புறப்பட்டது. இரண்டாவதைப் போட்டார். இன்னும் வேகமாகப் பின்னால் போயிற்று. பதற்றத்தில் மூன்றாவதையும் போட்டார். அப்போது வார்னிஷ் அறையின் கதவு வந்து சேர்ந்தது. கடைசியில், ரிவர்ஸ் என்று எழுதியிருந்த கியரைப் போட்டபோது மட்டும், வண்டி கதவை விட்டு இறங்கி, சவ ஊர்வலத்து நடையில் மெல்ல முன்னால் வந்தது.

பெட்டிஜான் மட்டும், "சுருதி கடைசிவரைக்கும் நின்னுச்சு, கவனிச்சீங்களா?" என்றார்.

சாயங்காலம் எல்டன் வார்னிஷைத் துடைக்க வண்டிக்கு அடியில் புகுந்தார். பின்னச்சுக் குடுவையில் எண்ணெய் ஊற்றுகிற துளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. உலகத்தில் யாரும் எண்ணெயைக் கீழேயிருந்து மேலே ஊற்றுவதில்லை என்பது தெரிய என்ஜினியராக வேண்டியதில்லை. அச்சு தலைகீழாக இருந்தால் சக்கரமும் தலைகீழாகத்தான் சுற்றும்.

வெளியே வந்தபோது ஐடா நின்றுகொண்டிருந்தாள். எல்டன் அச்சு விஷயத்தைச் சொன்னார்.

"அதைப் புரட்டிப் போட்டா வண்டி ஓடுமா?"

"ஓடும்."

"ஓடினா வித்துடும்."

"வித்துடும்."

"வித்தா வச்சிரக்காரன் வந்துடுவான்."

எல்டன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அதன் உள்பக்கத்தைப் பார்த்தார்.

"இங்க பாரு," என்றாள் ஐடா, "உன்கிட்ட யாராவது கேட்டாங்களா? கேக்கல. கேக்காத இடத்துல வாயைத் திறக்கிறது மரியாதையில்லன்னு எங்க அம்மா சொல்லுவா."

எல்டன் வாயைத் திறக்கவில்லை. ஐந்து நாள் தாங்கினார். ஆறாம் நாள் காலையில் ரொட்டி உள்ளே இறங்கவில்லை. நேரே தலைவர் அறைக்குப் போய், அச்சு தலைகீழாக இருக்கிறது ஐயா, என்றார்.

த்ரூப் கோபப்படவில்லை. உட்காரச் சொன்னார். காப்பிகூட வரவழைத்தார்.

"எல்டன், நீ நல்லவன். ஆனா யோசிச்சுப் பாரு. பெட்டிஜான் 'ஏற்கலாம்'னு எழுதிட்டார். அச்சு தப்புன்னு சொன்னா அவர் காது தப்பு. அவர் காது தப்புன்னா முப்பது வருஷமா நாம அனுப்பின எட்டாயிரம் ஆர்கனும் தப்பு. எட்டாயிரம் சபை தப்பா பாடியிருக்குன்னு ஆகும். அச்சு ஒண்ணே ஒண்ணு. சபை எட்டாயிரம். எது பெரிசு, சொல்லு?"

எல்டன் காப்பியைக் குடித்துவிட்டு வெளியே வந்தார். அச்சு அப்படியே இருக்கப்போவதில் உள்ளூர ஒரு நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்து வெட்கம். இரண்டையும் கொண்டுபோய் டிரூசில்லாவிடம் சொன்னார். அது காதை ஆட்டியது.

அதற்குள் விளம்பரப் புத்தகம் ஐயாயிரம் பிரதி அச்சாகிவிட்டது. அதில் இப்படி இருந்தது: "மற்ற கார்களுக்கு ஒரே ஒரு ரிவர்ஸ் கியர். த்ரூப் காருக்கு மூன்று!" அடுத்த பக்கத்தில்: "மற்ற வண்டிகளில் புறப்படுகிறவர் தம் வீட்டுக்கு முதுகைக் காட்டுகிறார். த்ரூப் வண்டியிலோ, அன்புக்குரியவர்களின் முகத்தைப் பார்த்தபடியே பிரிகிறார்." கடைசிப் பக்கத்தில், எழுதினவருக்கு ஆவேசம் வந்துவிட்டது: "எங்கள் வளாகத்தில் குதிரை என்று ஒன்று ஒருநாளும் இருந்ததில்லை!"

இயக்குநர் ஒருவர் எழுந்து, ஒன்று இருக்கிறதே என்று சந்தேகம் கேட்டார். கூட்டம் ஒரு மணி நேரம் விவாதித்தது. அச்சடித்ததை மாற்ற முடியாது, கையால் எழுதியதை மாற்றலாம். ஆகவே சொத்துப் பதிவேட்டில் டிரூசில்லா இருந்த வரியைச் சுரண்டி எடுத்து, அந்த இடத்தில் 'ஏணி' என்று எழுதினார்கள். அன்றிலிருந்து அதற்குத் தீனியான ஓட்ஸ், 'பொதி கட்டும் சாமான்' என்ற பேரில் உள்ளே வந்தது. குதிரை இல்லை என்றான பிறகும், அதை அப்புறப்படுத்தும் தீர்மானம் மட்டும் அப்படியே இருந்தது. தீர்மானங்களைச் சுரண்டுகிற வழக்கம் கம்பெனியில் இல்லை.

ஜூன் மாதம் காட்சி விழா. வாத்தியக் குழு, கொடி, எலுமிச்சைச் சாறு எல்லாம் தயார். எல்டன் கழுத்தைப் பின்னால் திருப்பியபடி பெரிய தெரு முழுக்க வண்டியை ஓட்டினார். பின்சீட்டில் நின்ற த்ரூப், விலகிப் போகிற கூட்டத்தைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டே போனார். கூட்டமும் தொப்பியை ஆட்டி ஆரவாரம் செய்தது. இதைச் சொல்கிறவனும் ஆட்டியவன்தான். எல்டனுக்கு மட்டும் அதன் பிறகு நான்கு நாள் கழுத்து முன்பக்கம் வர மறுத்தது.

வந்திருந்த வியாபாரிகள் எலுமிச்சைச் சாற்றைக் குடித்துவிட்டு ரயிலேறிவிட்டார்கள். ஒரே ஒருவர் நின்றார். உள்ளூர் டாக்டர் ஏசா பின்க்லி. ஐம்பது பண்ணைகளுக்கு ஒரே டாக்டர். அவருடைய குதிரை வசந்தத்தில் செத்துப்போயிருந்தது; இரவல் குதிரைகளில் அல்லாடிக்கொண்டிருந்தார்.

"எனக்கு வண்டி வேணும்" என்றார் டாக்டர். "ஆனா த்ரூப், நான் நோயாளிகிட்ட முதுகைக் காட்டிட்டுப் போய் இறங்க முடியாது. அடுத்த திங்கக்கிழமை வர்றேன். முன்னால ஓடிச்சுன்னா எடுத்துக்கறேன். இல்லேன்னா வேணாம்."

"முன்னால்ங்கறது ஒரு மனப்பழக்கம் டாக்டர்" என்றார் த்ரூப்.

"இருக்கட்டும். எனக்கு அந்தப் பழக்கம் உண்டு."

வாரம் முழுக்க இயக்குநர்கள் கூடினார்கள். டாக்டரின் மனப்பழக்கத்தை எப்படி மாற்றுவது என்று ஒரு துணைக்குழு அமைத்தார்கள். எல்டனுக்கு அது ஆறுதல். திங்கட்கிழமை டாக்டர் வருவார், பின்னால் ஓடும், போய்விடுவார். டிரூசில்லா பிழைக்கும்.

சனிக்கிழமை ஐடா வந்து லாயத்து வாசலில் நின்றாள். வழக்கமான கிண்டல் முகத்தில் இல்லை.

"வான்ஸ்கோய் பண்ணையில பிரசவம். டாக்டர் போறதுக்குள்ள பிள்ளை பிறந்து, பேர் வச்சு, தூங்கியும் போச்சாம்."

"நல்லதுதானே?"

"இது நல்லபடியா முடிஞ்சுது. டாக்டர் வரலைன்னா எல்லாமே இப்படி முடியாதுய்யா." கொஞ்ச நேரம் டிரூசில்லாவின் நெற்றியைத் தடவினாள். "கேக்காத இடத்துல வாயைத் திறக்காதேன்னு சொன்னேனே, அது எங்க அம்மா சொன்னதில்ல. நானாத்தான் சொன்னேன்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் இயக்குநர்கள் உட்பட ஊரே தேவாலயத்தில் இருந்தது. எல்டனும் ஐடாவும் மட்டும் கம்பெனிக் கூடத்தில் இருந்தார்கள். வண்டியின் பின்பக்கத்தைத் தூக்க வேண்டும். இரண்டு பேர் பலம் போதாது. உத்தரத்தில் கப்பியை மாட்டி, கயிற்றின் நுனியை டிரூசில்லாவின் மார்ப்பட்டையில் கட்டினார்கள்.

எல்டன் அதன் காதருகே போனார். "இழும்மா" என்றார்.

டிரூசில்லா இழுத்தது. இருபத்திரண்டு போல்ட்டு. அச்சைக் கழற்றி, புரட்டி, மாட்டி முடித்தபோது மணியடித்துச் சபை கலைந்துகொண்டிருந்தது. போல்ட்டும் புடைப்புமாக அசிங்கமான பக்கம் மேலே தெரிந்தது. எல்டன் துளையில் எண்ணெய் ஊற்றினார். மேலேயிருந்து கீழே.

திங்கட்கிழமை டாக்டர் ஏறினார். வாத்தியக் குழு, வண்டி பின்னால் வரும் என்று பின்னால் நின்று வாசித்தது. வண்டி முன்னால் போயிற்று. வாயிலைத் தாண்டி, பாலத்தைத் தாண்டி, மேட்டில் ஏறி மறைந்தது. பத்து நிமிஷம் கழித்துத் திரும்பி வந்த டாக்டர் எஞ்சினை நிறுத்தாமலே, "எடுத்துக்கறேன்!" என்று கத்திவிட்டு மறுபடியும் மறைந்தார்.

கம்பெனியின் முதல் கார் ஓடிவிட்டது. இயக்குநர்களின் முகத்தில் ஈயாடவில்லை. மதியமே விசாரணை கூடிற்று.

"புத்தகத்துல மூணு ரிவர்ஸ் கியர்னு போட்டிருக்கு" என்று த்ரூப் ஆரம்பித்தார். "டாக்டரை வழியில நிறுத்திக் கேட்டோம். ஒண்ணுதான் இருக்குன்னு சொல்றார். எல்டன், மத்த ரெண்டு ரிவர்ஸ் கியர் எங்க?"

"அதெல்லாம் இப்ப முன்னால போற கியரா ஆயிடுச்சு ஐயா."

"ஆயிடுச்சா? யாரைக் கேட்டு ஆச்சு?"

"வண்டி ஓடுதே ஐயா."

"ஓடறது கேள்வி இல்ல. ஓடாத காலத்துலகூட இந்தக் கம்பெனியில ஒரு சாமான் காணாம போனது கிடையாது!"

பெட்டிஜான் எழுந்தார். குரல் தழுதழுத்தது. "போகும்போது கேட்டேன். சுருதியே மாறிப்போச்சு. நான் 'ஏற்கலாம்'னு எழுதின வண்டி அது இல்ல."

தீர்ப்பு எழுதப்பட்டது: இரண்டு ரிவர்ஸ் கியர்களைத் தொலைத்த குற்றத்துக்காக எல்டன் ஸ்வைஹார்ட் பணிநீக்கம். தொப்பியைத் திருப்பித் தர வேண்டும். கூடவே பதினான்காவது தீர்மானம் அமலுக்கு வந்துவிட்டதாகவும் எழுதிக்கொண்டார்கள்.

வச்சிர ஆலைக்காரன் நான்கு மணிக்கு வந்தான். லாயத்தில் எல்டன் டிரூசில்லாவுக்குக் கடைசியாக ஒருமுறை பிடரி மயிரைச் சீவிக்கொண்டிருந்தார். ஐடா வாசலில் குறுக்கே நின்றிருந்தாள்.

"யம்மா, வழி விடுங்க. எனக்கும் இது சந்தோஷமான தொழில் இல்ல" என்றான் அவன். "ஆனா முதல்ல கம்பெனி சீட்டு வேணும். குதிரையைக் குடுத்தோம்னு கையெழுத்து. இல்லேன்னா வழியில என்னைத் திருடன்னு பிடிச்சுடுவாங்க."

ஐடா அவனைக் கூர்ந்து பார்த்தாள். பிறகு வழிவிட்டு, ரொம்பப் பணிவாக, "ஆபீஸ் அந்தப் பக்கம்" என்றாள்.

ஆபீசில் நடந்ததைக் குமாஸ்தா பிறகு எல்லாரிடமும் சொன்னான். வச்சிரக்காரன் சீட்டை நீட்டினான். குமாஸ்தா பதிவேட்டைத் திறந்தான். குதிரை இல்லை. ஏணி இருந்தது. இயக்குநர்களைக் கூப்பிட்டார்கள். கையெழுத்துப் போட்டால் குதிரை இருந்ததாக ஆகும். குதிரை இருந்தால் ஐயாயிரம் புத்தகமும் பொய். ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பேனாவை யாரும் தொடவில்லை.

"இந்தக் கம்பெனியில குதிரை இருந்ததே இல்லையே" என்றார் ஒருவர், கடைசியில்.

"லாயத்துல நிக்குதே, நான் பார்த்தேனே!"

"அது உங்க சொந்த அபிப்பிராயம்."

"அப்ப எதை ஓட்டிட்டுப் போக என்னைக் கூப்பிட்டீங்க?"

வேண்டுமானால் ஏணியை எடுத்துக்கொண்டு போகலாம் என்று சொல்லிப் பார்த்தார்கள். அவன் தலையில் அடித்துக்கொண்டு கிளம்பினான்.

எல்டன் துணிமூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, டிரூசில்லாவின் கயிற்றைப் பிடித்து, லாயத்திலிருந்து வெளியே வந்தார். வாயிலுக்குப் பத்தடி இருக்கும்போது எதிரே த்ரூப் நின்றுகொண்டிருந்தார். தனியாக இருந்தார். அவரோடு கமிட்டி எதுவும் இல்லை.

எல்டன் நின்றார். டிரூசில்லாவும் நின்றது. த்ரூப் வானத்தைப் பார்த்தார், வாயில் தூணைப் பார்த்தார், எல்டனின் முகத்தைப் பார்த்தார். எல்டனுக்கு வலப்பக்கம், கைக்கெட்டும் தூரத்தில், ஓர் ஆள் உயரத்துக்கு நின்றதை மட்டும் அவர் பார்க்கவில்லை.

"கம்பெனிச் சாமான் எதையும் எடுத்துட்டுப் போகலையே?" என்றார்.

"இல்லைங்க ஐயா."

டிரூசில்லா மூக்கை விரித்து, த்ரூப்பின் கோட்டுக் கழுத்துப்பட்டை நனைகிற அளவுக்கு ஒரு தும்மல் போட்டது.

த்ரூப் கைக்குட்டையை எடுத்து நிதானமாகத் துடைத்துக்கொண்டார்.

"பயங்கரமா சளி பிடிச்சிருக்கு எல்டன் உனக்கு" என்றார். "வயசாயிடுச்சு. இனிமே பாரம் இழுக்க வேணாம்." கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். வாயிற்கதவை அவரே இழுத்துத் திறந்தார், ஓர் ஆள் போகத் தேவையானதைவிட ரொம்ப அகலமாக.